படுவான்கரைக்குப் போகிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் நகரம், கல்முனை வீதி, ஹோட்டல்கள், கடற்கரை எல்லாம் உண்டு. படுவான்கரையில் இருப்பது வயல். வெளிநாட்டிலிருந்து பெற்றோரின் ஊரைப் பார்க்க வருகிற பிள்ளைகள் பலர் எழுவான்கரையில் தங்கி, ஒரு பின்னேரம் மட்டும் வாவியைக் கடந்து போய்விட்டுத் திரும்புகிறார்கள். பெற்றோர் பிறந்த ஊர் படுவான்கரையில் இருந்தால் குறைந்தது நாலு நாளாவது அங்கே ஒதுக்குங்கள்.

கடிதங்களில் வரும் பெயர்களும் ஊர் வாயில் வரும் பெயர்களும் ஒன்றல்ல. நிர்வாகத்தில் படுவான்கரை மூன்று பிரதேச செயலகப் பிரிவுகளாக இருக்கிறது: வவுணதீவை மையமாகக் கொண்ட மண்முனை மேற்கு, கொக்கட்டிச்சோலையை மையமாகக் கொண்ட மண்முனை தென்மேற்கு, வெல்லாவெளியை மையமாகக் கொண்ட போரதீவுப் பற்று. மண்முனை தென்மேற்கைப் பழைய ஆட்கள் பட்டிப்பளை என்பார்கள். உங்கள் ஊர் எந்தப் பிரிவில் என்பதை வெளிநாட்டிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு மாறிப் போய் நின்றால் அரை நாள் வீணாகும்.

ஊர்ப்பெயர் சொல்லும் நிலம்

மகிழடித்தீவு, முதலைக்குடா, அம்பிலாந்துறை, முனைக்காடு, கன்னன்குடா, போரதீவு. தீவு, குடா, துறை, முனை என்று முடியும் அல்லது தொடங்கும் ஊர்கள் எல்லாம் வாவி ஓரத்து ஊர்கள். சற்று மேடான நிலத்தில் வீடுகளும் கோயிலும் இருக்கும். அதைச் சுற்றிப் பள்ளத்தில் வயல் கிடக்கும். மேற்கே உள்ளே போகப் போக பன்சேனை, தாந்தாமலை, தும்பங்கேணி என்று சேனையும் மலையும் கேணியும் வரும். அங்கே வாவித் தண்ணீர் எட்டாது. மழையும் குளமும்தான் கதி. கோடையில் மகிழடித்தீவைப் பார்ப்பவருக்கு அது ஏன் தீவு என்று புரியாது. மார்கழி, தை வெள்ளத்தில் வீதியில் நின்று நாலு பக்கமும் பாருங்கள், பெயர் வைத்தவர்கள் கண்ணால் கண்டதைத்தான் வைத்தார்கள் என்று தெரியும்.

உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் இந்த நிலத்தின் பெரிய நீர்நிலைகள். குளத்து நீர் கிடைக்கும் வயலில் இரண்டு போகம். மானாவாரியில் மாரி வெள்ளாமை ஒன்றுதான். வயற்பரப்பை இங்கே வட்டை என்பார்கள். ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு பெயரும், நீர் பங்கீட்டையும் வேலி வேலைகளையும் பார்க்க ஒரு வட்டவிதானையும் உண்டு. வரம்பில் தண்ணீர் போகவிட வெட்டிய வாய்க்கு வக்கடை என்று பெயர். யாருடைய வக்கடை எப்போது திறப்பது என்பதில் வரும் சண்டை சில தலைமுறை போகும். வரம்பில் நடக்கும்போது வக்கடையை மிதித்து உடைத்துவிடாதீர்கள். தெரியாமல் உடைத்தால், மண்ணை அள்ளி அணைத்துவிட்டு உரியவரிடம் சொல்லிவிடுங்கள்.

எப்போது போவது

மழை பெரும்பாலும் ஐப்பசிக் கடைசியில் தொடங்கித் தை வரை. வடகீழ்ப் பருவக்காற்றை ஊரில் வாடை என்பார்கள். அந்த நாட்களில் வயல் பச்சைப் பசேல் என்று இருக்கும், படம் எடுக்க நல்ல காலம், ஆனால் வீதி நம்பிக்கை இல்லை. உன்னிச்சையின் வான்கதவுகள் திறந்தால் வவுணதீவுப் பக்கத்து வீதிகளில் நீர் குறுக்கறுக்கும். வெல்லாவெளிக்கும் மண்டூருக்கும் இடையிலான வீதி மூழ்குவது வருடா வருடம் கேட்கும் செய்தி. 2011 ஜனவரி வெள்ளம் போன்ற ஒன்று வந்தால் ஊருக்குள் நாட்கணக்கில் அகப்பட்டுவிடுவீர்கள். திரும்பும் விமானத்துக்கு முன் மூன்று நாள் இடைவெளி விடாமல் மார்கழிப் பயணம் போடாதீர்கள்.

வெள்ளம் வடிவது முகத்துவாரத்தைப் பொறுத்தது. கோடையில் கடல் மணலைத் தள்ளி வாவியின் வாயை மூடிவிடும். மாரியில் நீர் ஏறும்போது அந்த மணல்திட்டை வெட்டிவிட வேண்டும். வயல் மூழ்குகிற விவசாயிக்கு நேரத்தோடு வெட்ட வேண்டும். மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும் என்று வாவி மீனவருக்குப் பொறுத்து வெட்ட வேண்டும். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. விருந்தாளியாகப் போன இடத்தில் ஒரு பக்கம் சாய்ந்து பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மண்ணின் பொருளாதாரம் அந்த ஒரு பேச்சிலேயே விளங்கும்.

மாரி வெள்ளாமை அறுவடை தை நடுவில் இருந்து பங்குனி வரை நடக்கும். மாசி, பங்குனி, சித்திரைதான் நாங்கள் சொல்லும் காலம். வீதி காய்ந்திருக்கும், வீட்டில் நெல் இருக்கும், மனிதருக்குப் பேச நேரம் இருக்கும். அறுவடை ஓய்ந்த பிறகு ஊர்களில் கூத்துப் பழகி அரங்கேற்றுவார்கள், வடமோடியும் தென்மோடியும். விடிய விடிய நடக்கும், பாயும் போர்வையும் கொண்டு போங்கள். வைகாசி பிறந்தால் கச்சான் காற்று, மேற்கிலிருந்து வரும் அனல். அந்த வெயிலிலும் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து, வைகாசிப் பூரணையை ஒட்டி, அம்மனைக் குளிர்விக்கும் சடங்கான குளுர்த்தி நடக்கும். பெண்வழிச் சமூகத்தின் தெய்வத்தை அதன் ஊரிலேயே பார்க்க விரும்புகிறவர்கள் வெயிலைப் பார்க்காமல் அந்த வாரம் வரலாம்.

வாவியைக் கடப்பது

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் பகலில் உதய தேவி, இரவில் மீனகயா. இரண்டும் ஓடுகின்றனவா என்று பயணத்துக்கு முதல் நாள் நிலையத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். புயல், வெள்ளத்துக்குப் பின் சேவை குறைவது வழக்கம். மட்டக்களப்பிலிருந்து படுவான்கரைக்கு மூன்று பாலங்கள் உண்டு. வடக்கே வலையிறவுப் பாலம் நகரத்தை வவுணதீவோடு இணைக்கிறது. நடுவே மண்முனைப் பாலம்: கல்முனை வீதியில் ஆரையம்பதி, தாழங்குடா தாண்டி வலப்பக்கம் திரும்ப வேண்டும், பாலம் கடந்து சில கிலோமீற்றரில் கொக்கட்டிச்சோலை. தெற்கே களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் பட்டிருப்புப் பாலம், போரதீவுப் பற்றுக்குப் போக.

மண்முனைப் பாலம் ஜப்பானிய உதவியோடு 2014 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே பாதைதான். இங்கே பாதை என்றால் வீதி அல்ல; வாகனம் ஏற்றிக் கடக்கும் தட்டைப் படகு. இரவில் பாதை நின்றுவிடும், நோயாளிக்கும் பிரசவத்துக்கும் அது எத்தனை கொடுமையாக இருந்திருக்கும் என்பதை ஊரில் எந்தப் பெண்ணிடமும் கேளுங்கள். பாலத்தால் வைத்தியரும் ஆசிரியரும் தினமும் வந்து போக முடிகிறது. நிலத்தின் விலையும் ஏறியது. அம்பிலாந்துறை–குருக்கள்மடம், மண்டூர்–குருமண்வெளி ஆகிய துறைகள் பாதையால் கடக்கப்பட்டவை. பாதை ஓடினால் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். மோட்டார் சைக்கிள்காரர் ஏறும்வரை காத்திருந்து, நடுவில் நில்லுங்கள், ஓரக் கம்பியில் சாயாதீர்கள், நின்ற பிறகுதான் இறங்குங்கள்.

காசை மட்டக்களப்பிலோ களுவாஞ்சிக்குடியிலோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கடைகளில் சில்லறை வேண்டும்.

யாருடைய வீடு என்று தேடுவது

"அப்பாவின் ஊர், அப்பப்பாவின் வீடு" என்று தேடி வருகிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள். மட்டக்களப்பில் வளவும் வீடும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போவான். ஆகவே அப்பப்பாவின் வீடு என்பது பெரும்பாலும் அப்பம்மாவின் தாய் கொடுத்த வீடு. பாட்டனின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் பிறந்த வேறொரு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பாட்டியின் பெயரையும், அவர் தாயின் பெயரையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். மூத்த பெண்ணை "பெத்தா" என்று கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள், அதற்கு மேல் அறிமுகம் வேண்டியதில்லை.

"என்ன குடி?" என்று கேட்பார்கள். சாதி கேட்கிறார்கள் என்று முகம் சுளிக்காதீர்கள். குடி என்பது தாய்வழி. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று பல உண்டு. தாயின் குடிதான் பிள்ளையின் குடி, ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. நீங்கள் அவர்களுக்கு மச்சானா அண்ணனா என்று தீர்மானிக்கத்தான் அந்தக் கேள்வி. விடை தெரியாவிட்டால் அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டுச் சொல்லுங்கள். கோயில் திருவிழாக்களின் உரிமையும், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பொறுப்பும் பல இடங்களில் குடிவழியாகவே வருகின்றன.

காணி

யாழ்ப்பாணத்துத் தேசவழமை இங்கே செல்லாது. மட்டக்களப்பின் பழைய வழமைச் சட்டமான முக்குவர் சட்டமும் இப்போது நடைமுறையில் இல்லை. பொதுச் சட்டம்தான். முதலில் கேட்க வேண்டியது ஒன்று: உறுதிக் காணியா, பெர்மிற் காணியா?

உறுதிக் காணி என்றால் உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றையும் எடுத்துக்கொண்டு மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி கேளுங்கள். பெர்மிற் காணி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்தது. அதை நினைத்தபடி விற்க முடியாது, பங்கிட முடியாது, பெயர் மாற்றப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். இதை அறியாமல் கைக்காசு கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியவர்களுக்குக் கையில் ஒன்றுமில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும், சட்டப்படி வாரிசாக வரும் நெருங்கிய உறவுக்கும் விலக்கு உண்டு. வழக்கறிஞரிடம் இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள்.

பழைய உறுதியில் எல்லை "வடக்கு இன்னாரின் வயல், கிழக்கு வாய்க்கால்" என்று இருக்கும். அந்த இன்னார் போய்ச் சேர்ந்திருப்பார். எல்லை தெரிந்தவர் வட்டவிதானையும், முன்பு போடியாரிடம் (பெரிய வயற்சொந்தக்காரரிடம்) முல்லைக்காரராக, அதாவது வயல் வேலையாளாக, இருந்த கிழவர்களும். அவர்களை வயலுக்கு அழைத்துப் போய், நில அளவையாளரை வைத்து, பக்கத்து வயற்காரர் முன்னிலையில் அளவுங்கள். உறவினர் விதைக்கிறார் என்றால் குத்தகையை எழுத்தில் வையுங்கள். அனுமதியோடு விதைக்கிறார் என்பதற்கு ஒரு தாள் இருந்தால் போதும், பத்து வருட ஆட்சியைக் காட்டி உரிமை கோரும் வழக்குகளில் அந்தத் தாள்தான் காப்பாற்றும். உங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அற்றோர்ணித் தத்துவம் கொடுப்பதானால் விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள்.

போர் நடந்த நிலம்

2007 மார்ச் கடைசியில் கொக்கட்டிச்சோலை அரச படைகளின் கைக்கு வரும்வரை இந்தக் கரை விடுதலைப் புலிகளின் ஆட்சியின் கீழ் இருந்தது. வவுணதீவுச் சோதனைச்சாவடியைக் கடந்து போய்வந்த நினைவு நாற்பது வயதைத் தாண்டிய எல்லாரிடமும் இருக்கிறது. 1987 ஜனவரி 28 இலும் 1991 ஜூன் 12 இலும் கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பகுதியில் பொதுமக்கள் படையினரால் கொல்லப்பட்டார்கள். 1991 கொலைகளை விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமர்ந்தது. நினைவிடத்துக்குப் போனால் செருப்பைக் கழற்றுங்கள், உங்களை நீங்களே படம் எடுக்காதீர்கள், அங்கே அழுதுகொண்டிருக்கும் தாயைப் படம் எடுக்காதீர்கள். கேள்வியை நீங்கள் தொடங்க வேண்டாம், அவர்களாகச் சொல்வார்கள்.

கோயில், காடு, காய்ச்சல்

கொக்கட்டி மரச் சோலையில் தோன்றிய தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கல் நந்தி, பறங்கியர் காலத்தில் புல் தின்றதாக ஊர் நம்பிக்கை. தேர்த் திருவிழா ஆவணி, புரட்டாசியில் வரும். வடம் பிடிக்க ஊரே வரும், அந்த நாளில் தங்க அறை கிடைக்காது. மண்டூர் முருகனுக்குக் கப்புகனார் என்னும் பூசகர் வாயைத் துணியால் கட்டிப் பூசை செய்வார், தீபம் காட்டும்போது திரைக்குள் எட்டிப் பார்க்க முயலாதீர்கள். தாந்தாமலை முருகன் கோயில் காட்டு ஓரத்தில் இருக்கிறது. திருவிழா இல்லாத நாளில் மாலை நாலு மணிக்கு முன் திரும்பிவிடுங்கள்.

காரணம் யானை. தாந்தாமலை, வெல்லாவெளி, நவகிரிப் பக்கங்களில் நெல் முற்றும் காலத்தில் அந்தி சாய்ந்தால் யானை வயலுக்கு இறங்கும். விவசாயி பரணில் வெடியோடு விழித்திருப்பான். இரவில் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகாதீர்கள். முன்னே யானை நின்றால் ஹோர்ன் அடிக்காமல், வெளிச்சத்தைத் தணித்து, வந்த வழியே பின்வாங்குங்கள். குளத்திலும் வாவி ஓரத்திலும் முதலை உண்டு, ஊரார் குளிக்கும் படித்துறையில் மட்டும் இறங்குங்கள்.

காலில் புண்ணோடு வயற்சேற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும். கெண்டைக்கால் உளைவும் கண் சிவப்பும் காய்ச்சலும் ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்தும் தொடங்கலாம். இலண்டனிலோ சூரிச்சிலோ உள்ள வைத்தியர் அதை நினைக்க மாட்டார். "வயற்சேற்றில் நின்றேன்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கொடுக்க நினைத்தால்

மட்டக்களப்பு மேற்கு வலயப் பாடசாலைகளுக்கு உதவ விரும்புவோர் மடிக்கணினிகளைச் சுமந்து வருகிறார்கள். மின்னல், ஈரம், திருத்த ஆளில்லாமை மூன்றும் சேர்ந்து அவற்றை அலுமாரிக்குள் தள்ளிவிடுகின்றன. உள்ளூர்ப் பிள்ளைக்குத் தேவை சாதாரண தரக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பின்னேர வகுப்பு எடுக்க ஓர் ஆசிரியர், உள்ளூரில் இருந்து தூரப் பாடசாலைக்கு வர ஒரு சைக்கிள். அதிபரோடு பேசி, வலயக் கல்வி அலுவலகத்துக்குத் தெரியப்படுத்தி, ஒரு வருடத்துக்கான ஆசிரியர் கொடுப்பனவை மாதா மாதம் பிரித்து அனுப்புங்கள். மொத்தமாகக் கொடுத்தால் பாதியில் நின்றுவிடும்.

வீட்டுக்குத் தயிர் வாங்குவதென்றால் எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்குங்கள். சட்டியை மெல்லச் சரித்துப் பாருங்கள். மேலே மஞ்சள் ஏடு பிளக்காமல், ஓரத்தில் நீர் விடாமல் நின்றால் அன்றையது. விதைப்புக்கு முந்திய ஆரம்பக் கூட்டத்தில் நாள் குறித்து, மாடுகளை வயலை விட்டு மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல்தரைகளுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மாரியில் தயிர் அருமைப்படுவது அதனால்தான். அந்த மேய்ச்சல்தரைக்காக 2023 இலிருந்து பண்ணையாளர்கள் வீதியில் இருந்து போராடியவர்கள். தயிர்க்காரரிடம் விலை பேசும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்ட விலையைக் கொடுங்கள்.