தேதியை விட்டுக் காற்றைப் பிடித்தேன்

வருடா வருடம் நான் போடும் ஊர்சுற்றும் பட்டியல் பாதியில் நின்றுவிடும். லீவு கிடைத்த அன்று கடற்கரைக்குப் போனால் மணல் முகத்தில் அறையும். பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பச் சொல்லி நச்சரிப்பார்கள்.

விசைப்படகில் தொழிலுக்குப் போகும் மாமாதான் வழி சொன்னார்: “மாப்ள, தேதியப் பாக்காத, காத்தப் பாரு.”

இப்போது கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் ஆடி, ஆவணியில், அப்போது கடல் அமைதியாக இருக்கும் பாக் நீரிணைப் பக்கம் தேவிபட்டினம் (ஆடி அமாவாசை மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது). வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கினால் மன்னார் வளைகுடாப் பக்கம் சேதுக்கரை, வாலிநோக்கம். தை மாதம் கண்மாயில் தண்ணீர் கிடந்தால் சித்திரங்குடியில் பறவை பார்ப்பது.

தனுஷ்கோடியை மாமாவோடு சேர்த்துவிட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், ஆள் கரையில்தான் இருப்பார். 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தைக் காட்டிவிட்டு, சாலைக்கு இருபுறமும் அலையடிக்கும் ஆண்கடல், அமைதியான பெண்கடல் எதுவென்று பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார்.

பட்டியலில் நீச்சல் மட்டும் பாக்கி.