ஊராட்சிச் சாலையின் கணக்கை எழுதிக் கேட்டுப் பெற

தெருவில் போட்ட சிமெண்ட் சாலை ஓராண்டுக்குள் பெயர்ந்துவிட்டால், 'ஏன் பெயர்ந்தது' என்று மனு எழுதாமல், 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின்கீழ், தெருவின் பெயரையும் நிதியாண்டையும் குறிப்பிட்டு, அப்பணியின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைக் கேளுங்கள். இவற்றில் அளவுப் புத்தகமே முக்கியமானது. சாலையின் நீளம், அகலம், கனம் மூன்றும் அதில் பதிவாகியிருக்கும் என்பதால், நாடாவைப் பிடித்து நீங்களே சரிபார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் மனுவின்மேல் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அஞ்சலில் அனுப்பலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. அஞ்சல் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யும்போது அதுதான் உங்கள் கையிலுள்ள சான்று.