ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால்

வேலூர்ப் பக்கம் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையிடம் ஊரே கேட்பது ஒன்றுதான்: டாக்டரா, இன்ஜினீயரா? காட்பாடியில் ரயில் ஏறினால் சித்தூர், பாகாலா தாண்டித் திருப்பதி. அங்கே 2015 முதல் ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி நிறுவனம், இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். அறிவியல் படிப்பை நடத்துகிறது. சொன்னால், “வெறும் டிகிரிதானே?” என்கிறார்கள். மலைக்குப் போக மட்டும் வழி தெரிந்திருக்கிறது!

பெரிய தவறு, ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பது. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு 2007இலேயே போய்விட்டது. மதிப்பெண் வந்ததும் 200க்குக் கட்ஆஃப் எவ்வளவு என்று கணக்குப் போட்டு விண்ணப்பித்தே பழகிவிட்டோம். ஐசருக்கான நுழைவுத்தேர்வான ஐ.ஏ.டி., இதேபோன்ற மத்திய அறிவியல் நிறுவனமான புவனேஸ்வரம் நைசருக்கான நெஸ்ட், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் தேர்வு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் பொதுத்தேர்வு மும்முரத்தில், மார்ச், ஏப்ரலிலேயே விண்ணப்பித்தாக வேண்டும். பள்ளி வாசலில் பிளக்ஸ் கட்டும் நாளில் கதவு சாத்தியாகிவிடும்.

பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கும் பள்ளிகள் உண்டு. பொதுத்தேர்வில் அது மதிப்பெண்ணாக விளையும், இங்கே விளையாது. ஐ.ஏ.டி.யில் உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கிலும் தலா 15 கேள்விகள், விடை தவறினால் ஒரு மதிப்பெண் கழிவு. உயிரியலைப் பார்த்துக் கணினி அறிவியல் பிரிவினர் ஒதுங்கிவிடுகிறார்கள். அவசியமில்லை, நான்கில் மூன்று படித்திருந்தாலே தகுதி உண்டு. தெரியாத கேள்வியைத் தொடாமல் விட்டுவிடலாம். கணிதம் மட்டுமே பிடிக்கும் என்பவர் சிறுசேரித் தேர்வைப் பார்க்கட்டும்.

சத்தமில்லாமல் காலை வாருவது சாதிச் சான்றிதழ். கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றை வைத்து மத்திய நிறுவனங்களில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது. ஓ.பி.சி. நான்-கிரீமிலேயர் சான்று, அதாவது பிற்படுத்தப்பட்டோரில் வசதி மிக்க பிரிவைச் சேர்ந்தவரல்ல என்ற சான்று வேண்டும். மத்திய அரசின் படிவத்தில், நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று அது நகர நாளாகும். என் அக்காள் மகள் ஜூனில்தான் விண்ணப்பித்தாள். குடியாத்தத்துக்கும் வீட்டுக்குமாக எட்டு நடை நடந்த பிறகு, கவுன்சலிங் பதிவு முடிவதற்கு முதல் நாள் மாலைதான் சான்று கைக்கு வந்தது.