ஹரிகேன் வருகிறது: எந்த நேரத்தில் எதைச் செய்வது?

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரைக்கோ மெக்சிகோ வளைகுடாக் கரைக்கோ புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஜூன் 1 பிறந்ததுமே ஒரு கவலை வந்துவிடும். அன்றிலிருந்து நவம்பர் 30 வரை ஹரிகேன் எனப்படும் பெரும்புயல்களின் காலம். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் உச்சம். என்ன தயார் செய்ய வேண்டும் என்று தேடினால் டார்ச், பேட்டரி, தண்ணீர், டின் உணவு என்று பட்டியல் பட்டியலாகக் கிடைக்கும். அவற்றில் தவறேதும் இல்லை. ஆனால் எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடலாம் என்று அவை சொல்வதில்லை. புயல் நெருங்கும்போது கடையில் பொருள் தீர்வதற்கு முன்பே நம் கையில் நேரம் தீர்ந்துவிடுகிறது. அதனால் இதைக் கடிகாரத்தை வைத்தே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் கெடு எது?

"வியாழன் நள்ளிரவு கரையைக் கடக்கும்" என்று செய்தியில் சொல்வார்கள். சரி, வியாழன் சாயங்காலம்வரை நேரம் இருக்கிறது என்று நாம் கணக்குப் போடுவோம். அந்தக் கணக்கு தப்பு. கரையைக் கடப்பது என்றால் புயலின் மையம் கரையைத் தொடுவது. மையம் வந்து சேர்வதற்குப் பல மணி நேரம் முன்பே காற்று வந்துவிடும். மணிக்கு 63 கிலோமீட்டர் வேகத்தை அது எட்டிவிட்டால் ஏணியில் ஏற முடியாது, ஜன்னலுக்கு அடிக்கும் பலகையைக் கையில் பிடிக்க முடியாது, காரை எடுத்துக்கொண்டு உயரமான பாலத்தில் போவதும் ஆபத்து. அந்த 63 கிலோமீட்டர் காற்று உங்கள் தெருவுக்கு வரும் நேரம்தான் உங்கள் கெடு.

அமெரிக்காவின் தேசிய ஹரிகேன் மையம் இதைத் தனி வரைபடமாகவே வெளியிடுகிறது. அதில் இரண்டு வகை உண்டு: காற்று சீக்கிரமாக வந்தால் எப்போது வரும், பெரும்பாலும் எப்போது வரும். முதலாவதை எடுத்துக்கொண்டு ஒரு தாளில் நாளும் மணியும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். இனி எல்லா வேலையும் அதற்கு முன்னால் முடிய வேண்டும்.

'வாட்ச்', 'வார்னிங்' என்ற இரண்டு அறிவிப்புகளும் இந்தக் காற்றை வைத்துத்தான் வருகின்றன. ஹரிகேன் வாட்ச் என்றால் அந்தப் பகுதியை ஹரிகேன் தாக்க வாய்ப்பு இருக்கிறது. 63 கிலோமீட்டர் காற்றுக்குச் சுமார் 48 மணி நேரம் முன்பு அறிவிப்பார்கள். வார்னிங் என்றால் தாக்கும் என்றே எதிர்பார்க்கிறார்கள். அது சுமார் 36 மணி நேரம் முன்பு. முன்னறிவிப்பு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். கரையோரத்துக்கு எச்சரிக்கை வந்துவிட்டால் இடையிலும் தகவல் வரும். அந்த நேரங்களில் மட்டும் பார்த்தால் போதும். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பதற்றம்தான் கூடும், வேலை நடக்காது.

கூம்பும் எண்ணும்

வரைபடத்தில் புயலுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கூம்பு விரியும். எல்லோரும் அதைப் புயலின் அகலம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் புயலின் மையம் எங்கெல்லாம் போகலாம் என்பதைத்தான் அது காட்டுகிறது. அதுவும் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புதான். மீதி ஒரு பங்கு மையமே கூம்புக்கு வெளியே போய்விடலாம். நடுவில் ஓடும் கோட்டை நம்புவது இன்னும் மோசம். 2004-இல் சார்லி புயலின் நடுக்கோடு ஃபுளோரிடாவின் டாம்பா பக்கம் போயிற்று. கண்கள் எல்லாம் அங்கேயே இருந்தன. புயல் கடைசி நேரத்தில் வலப்பக்கம் திரும்பித் தெற்கே புன்டா கோர்டா அருகே கரையேறியது. அந்தப் பகுதிக்கும் எச்சரிக்கை இருந்தது. பலர் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்கள்.

அடுத்து 1 முதல் 5 வரையிலான வகை எண். ஹெர்பர்ட் சாஃபிர் என்ற பொறியாளரும் ராபர்ட் சிம்ப்சன் என்ற வானிலை அறிஞரும் சேர்ந்து உருவாக்கிய அளவுகோல் இது. மணிக்கு 119 கிலோமீட்டரில் வகை 1 தொடங்குகிறது, 252-ஐத் தொட்டால் வகை 5. இந்த எண் காற்றை மட்டுமே அளக்கிறது. கடல் எவ்வளவு உள்ளே வரும், மழை எவ்வளவு கொட்டும் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2008-இல் ஐக் புயல் வெறும் வகை 2-ஆகத்தான் டெக்சாஸில் கால்வெஸ்டனைத் தாக்கியது. ஆனால் அந்தக் கரையோரத்தில் சில இடங்களில் கடல்நீர் 15 அடிக்கும் மேல் ஏறியது. 2017-இல் ஹார்வி புயல் கரையேறியபின் வலுவிழந்தது; ஆனால் நகராமல் அங்கேயே சுற்றிச்சுற்றி மழையைக் கொட்டியது. டெக்சாஸின் நீடர்லேண்ட் (Nederland) என்ற ஊரில் பதிவான மழை 60 அங்குலத்துக்கும் மேல், அதாவது ஒன்றரை மீட்டர்.

1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் இந்தப் புயல்களால் நேரடியாக இறந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேரைக் கொன்றது தண்ணீர். அதில் பாதிக்கு மேல் கரையேறி வந்த கடல்நீர். ஆகவே "எத்தனையாம் வகை?" என்று கேட்பதைவிட "எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருமா?" என்று கேளுங்கள்.

படி 1: போவதா, இருப்பதா?

இதைப் புயல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, ஏதாவது ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் முடிவு செய்துவிட வேண்டும். உங்கள் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் எந்த வெளியேற்ற மண்டலம் என்று காட்டும். காப்பீட்டுக்காரர்கள் சொல்லும் வெள்ள மண்டலம் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு "எங்கள் வீடு வெள்ள மண்டலத்தில் இல்லை, அதனால் போக வேண்டாம்" என்று சொல்பவர்கள் நிறைய.

உங்கள் மண்டலத்தின் பெயரைச் சொல்லி வெளியேறச் சொன்னால் போய்விடுங்கள். நகர்த்தக்கூடிய வீடுகளில், அதாவது மொபைல் ஹோம்களில் இருப்பவர்கள் கடலிலிருந்து தள்ளி இருந்தாலும் போக வேண்டும்; அந்த வீடுகள் காற்றைத் தாங்காது. ஆக்ஸிஜன் கருவி, டயாலிசிஸ் என்று மின்சாரத்தையும் சிகிச்சையையும் நம்பி இருப்பவர்கள் வீட்டில் இருந்தாலும் அப்படியே.

வேறு யாரும் அவசரப்பட்டு ஓட வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2005-இல் ரீட்டா வந்தபோது, சில வாரங்களுக்கு முன் கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்ததைப் பார்த்த பயத்தில், ஹூஸ்டன் பகுதியே கிளம்பிவிட்டது. வெளியேறத் தேவையில்லாதவர்களும் சாலையில் இறங்கினார்கள். நெடுஞ்சாலைகள் மணிக்கணக்கில் நகரவே இல்லை. வெயிலிலும் விபத்திலும் இறந்தவர்கள் புயலே கொன்றவர்களைவிட அதிகம். போகிறவர்களும் அடுத்த மாநிலத்துக்குப் போக வேண்டும் என்பதில்லை. தண்ணீர் வராத, உறுதியான கட்டடம் முப்பது நாற்பது கிலோமீட்டரில் கிடைத்தால் அதுவே போதும்.

படி 2: வாட்ச் அறிவித்ததும்

வரிசை இப்படி: பெட்ரோல், மருந்து, பணம், தண்ணீர். கூட்டம் சேர்வதும் இதே வரிசையில்தான்.

வண்டியின் டேங்கை நிரப்புங்கள். மருந்துச் சீட்டில் மிச்சம் இருந்தால் இன்றே வாங்குங்கள். மின்சாரம் போனால் கார்டு இயந்திரமும் வேலை செய்யாது. அதனால் சின்ன நோட்டுகளாகக் கொஞ்சம் பணம் எடுத்து வையுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும். மூன்று நாளுக்கு என்பது குறைந்தபட்சக் கணக்கு. என்னைக் கேட்டால் ஒரு வாரத்துக்கு வைப்பேன். பாட்டில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. வீட்டில் இருக்கும் சுத்தமான பாத்திரம், குடம், மூடியுள்ள டப்பா எல்லாவற்றிலும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்தால் கடை வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம்.

அப்புறம் போனை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு அறையையும், அலமாரிகளைத் திறந்தும், கூரையையும் காரையும் படம் பிடியுங்கள். பாஸ்போர்ட், விசா, காப்பீட்டுத் தாள்களையும் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். பின்னால் இழப்பீடு கேட்கும்போது இந்தப் பத்து நிமிட வேலை கைகொடுக்கும். வெள்ளக் காப்பீடு தனி. வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் அது இருக்காது. அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் படத்தில் தெரிந்தபின் எடுத்துப் பயனில்லை.

படி 3: வீட்டை மூடுவது

ஜன்னல் கண்ணாடியில் டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டுவதை இன்னும் பார்க்கிறேன். கண்ணாடி உடைவதை அது தடுக்காது. சில்லுகளைப் பெரிய துண்டுகளாகச் சேர்த்துத் தருவதுதான் மிச்சம். புயல் ஷட்டர் இருந்தால் மூடுங்கள். இல்லையென்றால் சுமார் 16 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட். அதைப் புயல் வரும் வாரத்தில் வாங்கி அறுக்க முடியாது. முன்பே ஜன்னல் அளவுக்கு அறுத்து, துளை போட்டு, "சமையலறை இடது" என்று ஒவ்வொன்றிலும் எழுதிப் பரணில் வைத்திருந்தால் இருவர் சேர்ந்து ஒரு மதியத்தில் மாட்டிவிடலாம்.

ஜன்னலை விடப் பலர் மறப்பது கராஜ் கதவை. வீட்டிலேயே பெரிய, மெல்லிய திறப்பு அதுதான். அது உள்ளே சரிந்தால் காற்று புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். வெளியே காற்று மேலிருந்து இழுக்கும். கூரை பறப்பது இப்படித்தான். 1992-இல் ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு ஃபுளோரிடாவில் கட்டட விதிகளைக் கடுமையாக்கியதற்கு இந்த மாதிரிச் சேதங்களும் காரணம். கதவுக்கு முட்டு வாங்கி வைத்திருந்தால் மாட்டுங்கள். "அழுத்தம் சமமாக ஒரு ஜன்னலைத் திறந்து வை" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வெளியே கிடக்கும் நாற்காலி, பூந்தொட்டி, குப்பைத் தொட்டி எல்லாம் உள்ளே. மரக்கிளையை வெட்டுவது இந்தக் கடைசி நாள்களில் வேண்டாம். வெட்டிய கிளை தெருவோரம் குவிந்து கிடந்தால் அதுவே காற்றில் பறந்து யார் ஜன்னலிலாவது பாயும்.

படி 4: மின்சாரம் போவதற்கு முன்

ஃபிரிட்ஜையும் ஃப்ரீசரையும் மிகக் குளிர்ந்த நிலையில் வையுங்கள். ஃப்ரீசரில் காலி இடம் இருந்தால் பிளாஸ்டிக் பாட்டில்களில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி அடுக்குங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும்; நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24.

வெளியேறிப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன உத்தி. ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, பனிக்கட்டியின் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் பெரிதாக உருகவில்லை. அடியில் உறைந்து கிடந்தால் மின்சாரம் நீண்ட நேரம் போய், எல்லாம் உருகி, மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருப்பதை யோசிக்காமல் கொட்டுங்கள்.

குளியல் தொட்டியை நன்றாகக் கழுவி நிரப்புங்கள். குடிக்க இல்லை, கழிப்பறைக்கு. அடைப்பான் மெல்லக் கசிந்து காலையில் தொட்டி காலியாகக் கிடப்பதும் உண்டு. அதனால் வாளிகளிலும் பிடித்து வையுங்கள். போன், பவர் பேங்க் எல்லாம் சார்ஜில்.

படி 5: காற்று அடிக்கும்போது

தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத உள் அறை. குளியலறை, படிக்கட்டின் கீழ் இடம், நடை எதுவும் ஆகும். காலில் ஷூ இருக்கட்டும். உடைந்த கண்ணாடிமேல் இருட்டில் நடக்க வேண்டி வரலாம். தண்ணீர் வீட்டுக்குள் ஏறினால் மேல்மாடிக்குப் போங்கள். வெளியேற வழியில்லாத பரணுக்கு மட்டும் போகக் கூடாது. கத்ரீனாவில் பரணில் சிக்கிக்கொண்டு வெளியே வர முடியாமல் போனவர்கள் உண்டு.

திடீரென்று காற்று நின்று வானம் வெளுத்தால் முடிந்துவிட்டது என்று வெளியே போகாதீர்கள். புயலின் கண், அதாவது அதன் அமைதியான நடுப்பகுதி, உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. சற்று நேரத்தில் கண்ணைச் சுற்றியுள்ள காற்றுச் சுவரின் மறுபக்கம் வரும். காற்று எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் பாதியில் ஆடிப்போன மரமும் கூரையும் அப்போது விழும்.

படி 6: காற்று ஓய்ந்த பிறகு

புயல் போனபிறகும் ஆட்கள் சாகிறார்கள், ஜெனரேட்டரால். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கராஜ் கதவைத் திறந்து வைத்து உள்ளே ஓட்டினாலும் அது வீட்டுக்குள் வரும். கதவு, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை வீட்டுப் பக்கம் வராதபடி வெளியே வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் பேட்டரி போட்டு மாட்டிவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள். ஜெனரேட்டர் வயரைச் சுவர் சாக்கெட்டில் சொருகி வீட்டுக்கே மின்சாரம் ஏற்றவே கூடாது. வெளியே கம்பியைச் சரிசெய்யும் ஊழியரைக் கொன்றுவிடும்.

தேங்கிய தண்ணீரில் நடக்காதீர்கள். அடியில் அறுந்த மின்கம்பி கிடந்தால் தெரியாது. ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளை விழத்தட்டும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னால், நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள்.

நனைந்த கம்பளத்தையும் சுவர்ப் பலகையையும் கிழித்து வெளியே போடத் துடிக்கும் கையை ஒரு நிமிடம் நிறுத்தி, முதலில் எல்லாவற்றையும் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறைக்கோட்டின் பக்கத்தில் அளவுநாடாவைப் பிடித்து ஒரு படம். அதன்பிறகு தாமதிக்காமல் பிய்த்துப் போடலாம். ஈரச் சுவரில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். எறிவதில் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் துண்டை வெட்டி மூடிய பையில் போட்டு வையுங்கள், காப்பீட்டு ஆய்வாளர் கேட்பார்.