மூன்று கல் சேர்த்தால் ஒரு வெட்டு: மேட்ச்-த்ரீ சண்டை கேம் ஆடக் கற்றுக்கொள்வோம்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர் வந்தால் வடகிழக்கு மழை. கூடலூர்க்காரர்களுக்குத் தென்மேற்கு மழை ஜூனிலேயே தொடங்கிவிடும். கரண்ட் போகும், டவர் போகும், சில நாள் பஸ்ஸும் போகாது. அப்படி வீட்டுக்குள் அடைந்து கிடக்கும்போது ஆட ஏற்ற கேம் வகை ஒன்று உண்டு. ஒரே நிறக் கற்கள் மூன்றை வரிசையாகச் சேர்த்தால் அவை உடையும். அந்தப் பலத்தில் உங்கள் வீரன் எதிரே நிற்கும் பூதத்தை அடிப்பான்.

"அண்ணா, இது கேண்டி க்ரஷ்தானே?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். பாதி சரி. கல் சேர்க்கும் ஆட்டத்தை ஊரெல்லாம் பரப்பியது 2001இல் வந்த பிஜுவெல்ட். அதன்மேல் சண்டை, மந்திரம், லெவல் எல்லாவற்றையும் ஏற்றி 2007இல் பஸில் க்வெஸ்டை உருவாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் இன்ஃபினிட் இன்டராக்டிவ் நிறுவனத்தார். கேண்டி க்ரஷில் எதிராளி கிடையாது. இதில் உண்டு, அவனும் நீங்கள் ஆடும் அதே கட்டத்தில்தான் கல் நகர்த்துவான். இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி ஆட்டம் கைக்கு வந்துவிடும்.

படி 1: எந்த கேம்?

உங்கள் வீட்டில் நெட் நிற்குமா என்பதைப் பொறுத்தது. நிற்கும் என்றால் ஜெம்ஸ் ஆஃப் வார் (2014): போனில் இலவசம், கிட்டத்தட்ட பஸில் க்வெஸ்டின் விதிகள், ஆனால் நெட் இல்லாமல் திறக்காது. மழைக்கு டவர் படுத்துவிடும் வீடு என்றால் கணினியில் பஸில் க்வெஸ்டே நல்லது. டென் மில்லியன் என்று ஒன்றும் உண்டு, பெயரை எண்ணாகவே எழுதியிருப்பார்கள்: 10000000. அதில் வீரன் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பான். நிதானமாக யோசிக்க நேரம் இருக்காது, அதனால் முதல் கேமாக அதை எடுக்க வேண்டாம். இந்தப் பதிவில் பஸில் க்வெஸ்டை வைத்தே விளக்குகிறேன்.

படி 2: கட்டத்தைப் படியுங்கள்

எட்டுக்கு எட்டுக் கட்டம். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் கற்கள் 'மானா' தரும், அதாவது மந்திரம் போடத் தேவையான சக்தி. மண்டையோடு மூன்று சேர்ந்தால் எதிரிக்கு நேரடி அடி. ஊதா நட்சத்திரம் வீரனின் லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி, தங்கக் காசு காசுதான். பக்கத்துப் பக்கத்துக் கற்கள் இரண்டை இடம் மாற்றி, ஒரே வகைக் கல் மூன்று வரிசையாகச் சேரும்படி செய்ய வேண்டும். அவ்வளவுதான். உங்கள் முறை முடிந்ததும் எதிரியின் முறை.

படி 3: முதலில் நாலைத் தேடுங்கள்

நான்கு கல் ஒரே வரிசையில் சேர்ந்தால் இன்னொரு முறை உங்களுக்கே கிடைக்கும். ஐந்து சேர்ந்தால் கூடுதல் முறையோடு, எந்த நிறத்தோடும் சேரக்கூடிய ஒரு கல்லும் விழும். எனவே உங்கள் முறை வந்ததும் கண்ணில் படும் முதல் மூன்றைத் தொட்டுவிடாதீர்கள். கட்டம் முழுக்க ஒரு தடவை நாலு தேடுங்கள், அப்புறம் மண்டையோடு, கடைசியாகத்தான் நிறம்.

படி 4: எதை விட்டுவைக்கிறீர்கள்?

புதிதாக ஆடுபவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். கேரம் ஆடியவர்களுக்கு இது உடனே பிடிபடும்: நம் காயைப் போடும் அவசரத்தில் எதிராளியின் காயைப் பாக்கெட் வாயில் தள்ளிவிட்டுவிடுவோமே, அதே கதை. நீங்கள் மூன்று நீலம் எடுக்கிறீர்கள், மேலிருந்த கற்கள் சரிகின்றன, இரண்டு மண்டையோட்டோடு ஒரே நகர்த்தலில் சேரும் இடத்தில் மூன்றாவது வந்து நிற்கிறது. அடுத்த முறை அவனுடையது. அடி உங்களுக்கு.

இதற்கு இரண்டு பழக்கம் போதும். கல்லைத் தொடும் முன், உடைந்த இடத்தில் மேலிருந்து எது இறங்கும் என்று மனதுக்குள் ஒரு தடவை சரித்துப் பாருங்கள். இரண்டாவது, எதில் கை வைத்தாலும் பெரிய லாபம் இல்லை என்றால் கட்டத்தின் மேல்பக்கத்தில் ஆடுங்கள். மேலே உடைத்தால் கொஞ்சம் கற்களே நகரும், அவனுக்குத் தற்செயலாக எதுவும் அமைவது குறைவு. கீழே உடைத்தால் எல்லாம் சரிந்து, சரிந்த இடத்தில் மறுபடி உடைந்து, சிலசமயம் வாணவேடிக்கை மாதிரி லாபம் வரும். ஆனால் அந்த லாபம் யாருக்கு என்று சொல்ல முடியாது. நன்றாக முன்னணியில் இருக்கும்போது அந்தச் சூதாட்டம் எதற்கு? தோற்றுக்கொண்டிருந்தால் தாராளமாகக் கீழே கை வையுங்கள்.

எதிரியின் மந்திரங்களையும் திறந்து பாருங்கள், எந்த நிறம் எவ்வளவு வேண்டும் என்று போட்டிருக்கும். அவனுக்குச் சிவப்புத்தான் உயிர் என்றால், உங்களுக்குத் தேவையே இல்லாவிட்டாலும் சிவப்பை நீங்கள் எடுத்துவிடுங்கள். எனக்கு இந்த வகை கேமில் பிடித்ததே இந்தக் கஞ்சத்தனம்தான்.

படி 5: மந்திரம்

பெரும்பாலான மந்திரங்கள் போட்டதும் உங்கள் முறை முடிந்துவிடும். கட்டத்தில் நாலு காத்திருந்தால் முதலில் அதை எடுங்கள், கிடைக்கும் கூடுதல் முறையில் மந்திரம் போடலாம். மானா சேர்ந்துவிட்டதே என்பதற்காக மட்டும் போடாதீர்கள்.

படி 6: வீரனை வளர்ப்பது

தொடக்கத்தில் ட்ரூயிட், நைட், வாரியர், விஸார்ட் என்று நான்கு பேர். வாரியரை எடுங்கள், மண்டையோட்டை நம்பி ஆடலாம். லெவல் ஏறும்போது கிடைக்கும் புள்ளிகளைப் போர்த்திறனில் போட்டால் அந்த அடி இன்னும் பலமாகும்.

இலவச கேம் எடுத்தவர்களுக்கு மட்டும் ஒன்று. புதிய வீரர்கள் குலுக்கல் பெட்டியில் வருவார்கள், பெட்டியைக் காசு கொடுத்தும் வாங்கலாம். பிள்ளைகள் கையில் போனைக் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி ப்ளே ஸ்டோர் அமைப்பில் மாற்றிவிடுங்கள்.

குளிருக்குக் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு ஆட முடியாது, சாதாரணக் கையுறையின் தொடுதல் திரைக்குத் தெரியாது. ஈர விரலும் தப்பான கல்லை நகர்த்தும். பஸ்ஸிலும் ஆடலாம், இது முறை வைத்து ஆடுவது என்பதால் போனைப் பையில் போட்டாலும் எதிரி காத்திருப்பான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் அவனைக் காக்க வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து சீட்டுக்காரர் பாவம்.