பழைய அலுமினியப் படகுக்கு இரும்பு வைத்தியம் ஆகாது

பவானிசாகர் பக்கம் பரிசலையே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பழைய இரும்புக் கடையில் பன்னிரண்டு அடி அலுமினியப் படகு ஒன்று சல்லிசாகக் கிடைத்தால், இரும்பு கேட்டுக்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் பார்க்கிற அதே வேலையை அதற்கும் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். படகு கெடுவதே அங்கேதான்.

கசிவு எங்கே என்று தெரியாமலே அடைப்பதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். என் படகின் அடி முழுக்க எபாக்சி பட்டி அப்பினேன். ஒரே மழைக்காலத்தில் தோடு தோடாக உரிந்து வந்துவிட்டது. அதன்பிறகுதான் சரியான வழி தெரிந்தது. படகை மேட்டில் ஏற்றி, நீளம் முழுக்கப் பழைய டயர்களை முட்டுக் கொடுத்து, உள்ளே நாலு விரல் உயரம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். இருநூறு லிட்டர் என்றால் இருநூறு கிலோ, தகடு வளைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் கீழே சில ரிவிட் தலைகளைச் சுற்றி மட்டும் வியர்வை போலத் துளி கட்டும். அவற்றை மார்க்கரால் வட்டமிடுங்கள். என் படகில் ஒன்பது ரிவிட்தான் கசிந்தது.

தளர்ந்த ரிவிட்டை ஒருவர் உள்ளே கனமான இரும்பால் தாங்க, இன்னொருவர் வெளியே தட்டினால் பெரும்பாலும் இறுகிவிடும். தேய்ந்துபோனதற்குக் கட்டி ரிவிட் போடுங்கள். சாதாரண பாப் ரிவிட்டின் நடுவில் துளை இருப்பதால் அதன் வழியாகவே தண்ணீர் வரும்.

விரிசலுக்கு கேஸ் வெல்டிங் வேண்டாம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், உருகும் முன் சிவக்காது. மேலே படிந்த ஆக்சைடோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தகடு பொத்தென்று ஓட்டையாகிவிடும். கோவையில் ஆர்கான் வெல்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பெயின்டையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுத்தமாக எடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை இரவெல்லாம் விட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும் என்பது எந்த வீட்டிலும் தெரியும். அப்படியிருக்க, அழுக்குப் போக ஆசிட்டோ காஸ்டிக் சோடாவோ ஊற்றலாமா? காஸ்டிக் அலுமினியத்தையே தின்னும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷ்ஷும் போதும். இரும்புக் கம்பி பிரஷ்ஷின் துணுக்குகள் தகட்டில் பதிந்து, அந்த இடத்திலிருந்து அரிப்பு தொடங்கும்.

செம்பும் பித்தளையும் இன்னும் மோசம். ஈரத்தில் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். கொச்சியிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ செம்பு கலந்த கடல் படகு பெயின்ட் வாங்கிவந்து பூச வேண்டாம். அணைத் தண்ணீருக்கு அது தேவையும் இல்லை. போல்ட்டுக்கு ஸ்டெயின்லெஸ், நடுவில் நைலான் வாஷர்.

பெயின்ட் என்றதும் ரெட் ஆக்சைடைத் தேடாதீர்கள். கார் பெயின்டர்கள் வைத்திருக்கும் எட்ச் பிரைமர்தான் பிடிக்கும். தேய்த்த அன்றே அடித்துவிடுங்கள், ஆக்சைடு உடனே மறுபடி படியத் தொடங்கும். உள்பக்கத்தை நான் பூசாமலே விட்டுவிட்டேன். ஈரச் சாக்கையும் வலையையும் அதன் மேல் போட்டுவைக்காமல் இருந்தாலே அது நன்றாக இருக்கும்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. இருக்கைக்கு அடியில் ஊறிக் கனத்த ஃபோமைப் பிடுங்கிவிட்டு, இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் புகுந்தால் அந்தப் படகு மிதக்காது, நேராக அடிக்குப் போகும். தண்ணீர் குடிக்காத ஃபோமை அடைத்தே ஆக வேண்டும். தெர்மோகோல் பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும்; எஞ்சின் மாட்டுகிற படகுக்கு அது வேண்டவே வேண்டாம்.