மாரிக்கு முன்னம் ஒழுங்கை வாய்க்காலைத் திறப்பது எப்படி

போன கார்த்திகையில் பெய்த அவ்வளவு மழைக்கும் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் வெள்ளம் ஓர் இரவுக்கு மேல் நிற்கவில்லை. அதற்கு முந்தைய மாரிகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுதான் றோட்டுக்கு ஏறவேண்டும். இடையில் நடந்தது ஒன்றே ஒன்று: அயலட்டை எல்லாம் சேர்ந்து வாய்க்காலை வெட்டித் திறந்தோம். மற்ற ஒழுங்கைக்காரரும் விசாரிப்பதால், செய்த முறையை அப்படியே எழுதி வைக்கிறேன்.

புரட்டாதியில் தொடங்குங்கள். எங்களுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். ஐப்பசி பிறந்த பிறகு இறங்கினால் அள்ளுவது சேறு. புரட்டாதியில் என்றால் காய்ந்த மண்.

மண்வெட்டி, அலவாங்கு, கடகம், கத்தி எந்த வீட்டிலும் இருக்கும். கட்டாயம் தேடி எடுக்கவேண்டியது உழவாரம். புல் வெட்டும் மெசினை நான் விரும்புவதில்லை. அது மேலே சீவிவிட்டுப் போகும், வேர் அப்படியே கிடக்கும், சீவின புல் முதல் மழைக்கே போய்க் குழாயை அடைக்கும். உழவாரத்தால் வேரோடு செதுக்கினால் அந்த மாரி முழுக்கக் கவலை இல்லை. பாத்தீனியம் நின்றால் பூக்க முன்னமே கையுறை போட்டுப் பிடுங்குங்கள். அது தோலையும் மூச்சையும் வருத்தும்.

மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் பிடிக்கலாமே என்று யாராவது சொல்லுவார்கள். வேண்டாம். பெக்கோ ஒரே அளவாக வெட்டாது, இடைக்கிடை கிடங்கு விழும். கிடங்கில் தேங்கும் தண்ணீரில் நுளம்பு பெருகும். மழை விட்டதும் டெங்கு வரும் ஊர் இது. குடிநீர்க் குழாய் புதைத்த ஒழுங்கைகளில் இன்னும் கவனம் வேண்டும். குழாய் எந்தக் கரையால் போகிறது என்று தெரியாமல் அலவாங்கைக்கூட இறக்காதீர்கள்.

இனி, எங்களை உண்மையாகவே மறித்து வைத்த இடத்துக்கு வருகிறேன்: தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?

யாழ்ப்பாணம் தட்டையான மண். கண்ணால் பார்த்துச் சரிவு சொல்ல ஏலாது. ஒழுங்கையில் மூத்த ஐயா ஒருவர் "தம்பி, தண்ணி எப்பவும் கிழக்காலதான் போறது" என்றார். முடக்கு வீட்டு அக்கா மேற்கு என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரி. நடுவில் றோட்டு உயர்ந்த பிறகு ஒழுங்கையின் ஒரு பாதி ஒரு பக்கமும் மற்றப் பாதி மறுபக்கமும் சரிந்திருந்தது. அளந்த பிறகுதான் அது தெரிந்தது.

அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர்மட்ட ரியூப் போதும். உள்ளே பார்க்கக்கூடிய மெல்லிய பிளாஸ்ரிக் ரியூப் 15 மீற்றர் வாங்குங்கள். பைப்பில் பிடித்துத் தண்ணீர் நிரப்பினால் காற்றுக் குமிழி உள்ளே நிற்கும். ஒரு குமிழி நின்றாலே அளவு பிழைக்கும். வாளியை உயரத்தில் வைத்து, ரியூப்பின் ஒரு நுனியை அதற்குள் அமிழ்த்தி, மறு நுனியைக் கீழே பிடித்து உறிஞ்சி விடுங்கள். தண்ணீர் கொஞ்ச நேரம் ஓடட்டும், குமிழியெல்லாம் வெளியே போய்விடும். பிறகு இரண்டு நுனியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றால்தான் ரியூப் சரி.

இப்போது ஒருவர் வாய்க்காலின் ஓரிடத்தில், மற்றவர் ரியூப் எட்டும் தூரத்தில் அதே வாய்க்காலின் இன்னோரிடத்தில். இருவரும் ரியூப்பை ஒரு தடியோடு சேர்த்து நிமிர்த்திப் பிடியுங்கள். பார்க்கும்போது இரண்டு நுனியிலும் பெருவிரலை எடுத்துவிட வேண்டும். மூடியபடி பார்த்தால் தண்ணீர் அசையாமல் நின்று ஏமாற்றும். தண்ணீர் மட்டத்திலிருந்து வாய்க்கால் அடி வரைக்கும் இரு இடத்திலும் அளவுநாடா பிடியுங்கள். எங்கே அளவு கூடவோ அந்த இடம்தான் பள்ளம். இப்படி ரியூப் எட்டும் தூரம் தூரமாக ஒழுங்கை முடியுமட்டும் போய், ஒரு கொப்பியில் எழுதுங்கள். 100 மீற்றருக்கு 20 சென்ரிமீற்றர் இறக்கம் கிடைத்தாலே மண் வாய்க்காலில் தண்ணீர் ஓடும்.

ஓடிப் போய் எங்கே விழும் என்பதையும் அன்றைக்கே முடிவெடுங்கள். வலிகாமத்தில் கன இடத்து வெள்ளம் வழுக்கை ஆற்றோடு சேர்ந்து அராலிப் பக்கம் கடல்நீரேரிக்குப் போகிறது. அதுவரை விடாமல் கிட்டவுள்ள குளத்துக்கோ கேணிக்கோ திருப்ப வழி இருந்தால் அதைத்தான் செய்யவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் கிணற்று நல்ல தண்ணீர், சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர்நீருக்கு மேலே மிதந்து நிற்கும் மழைநீர்தான். கடலுக்குக் கலைத்துவிட்ட மழையைச் சித்திரையில் எங்கே தேடுவது?

வெட்டத் தொடங்கும் இடம் கடைசி வீடு, அதாவது தண்ணீர் வெளியேறும் முனை. எல்லோரும் தங்கள் படலையடியில்தான் முதலில் வெட்டுவார்கள். அப்போது மேல்வீட்டு மண் கீழே வந்து அடைக்கும், கீழ்வீட்டுக்காரரோடு சண்டையும் வரும். கீழிருந்து மேலே வந்தால் இடையில் மழை பெய்தாலும் வெட்டின துண்டு வேலை செய்யும்.

படலைக்குக் கீழே கிடக்கும் ஹியூம் பைப், அதாவது கொங்கிறீற் குழாய்தான் அடுத்த தலையிடி. சொப்பிங் பை, யோகட் கப், ஊமல், கங்குமட்டை எல்லாம் அதற்குள் இருக்கும். கையை விடாதீர்கள். சுருட்டைப் பாம்பும் புடையன் பாம்பும் குளிர்ச்சி தேடிப் படுக்கும் இடம் அது. நீளமான பிவிசி குழாயால் முதலில் குத்தி, அதன் நுனியில் கயிறு கட்டி மறுபக்கம் எடுங்கள். உரப்பைக்குள் தேங்காய்ப் பொச்சை இறுக அடைத்து, கயிற்றின் நடுவில் கட்டி, இரண்டு பக்கமும் ஆள் நின்று மாறி மாறி இழுக்கவேண்டும். இரண்டு வாளி தண்ணீரும் ஊற்றினால் கட்டிப்போன சேறும் இளகி வரும்.

அள்ளின மண்ணை வாய்க்கால் விளிம்பில் குவிக்காதீர்கள். முதல் பெருமழையோடு அது திரும்பவும் உள்ளேதான் போகும். மொன்றியல் நகரத்தில் வீதிப் பனியை உழுது ஓரத்தில் தள்ளுவதோடு நிற்பதில்லை. லொறிகளில் ஏற்றி, பிராங்கோன் என்ற பழைய கல்லுடைத்த குழி வரைக்கும் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். ஒதுக்குவது பாதி வேலை, அகற்றுவது மற்றப் பாதி. எங்களுக்கு வாழையடியும் தென்னையடியும் இருக்கின்றன, சேற்று மண் அவற்றுக்கு நல்ல பசளை. பொலித்தீனைப் பொறுக்கி எடுத்த பிறகு கடகத்தில் கொண்டுபோய்ப் போடுங்கள். மிச்சத்தை ஏற்ற உழவு இயந்திரம் வேண்டுமென்றால் பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ ஒழுங்கையார் எல்லோரும் கையெழுத்திட்ட கடிதம் முதலே கொடுத்துக் கேளுங்கள்.

முடிந்ததும் மேல்முனையில் சில வாளி தண்ணீர் ஊற்றி, அதில் பூவரசம் இலை ஒன்றை விட்டு அதோடு கூடவே நடவுங்கள். இலை நின்ற இடத்தில் இன்னும் ஒருக்கால் செதுக்கவேண்டும்.

பிற்சேர்க்கை: இதை வாசித்த ஒருவர், மழை தொடங்கிய பிறகு இறங்கலாமா என்று எழுதியிருந்தார். அவசரத்துக்கு இறங்கலாம், ஆனால் வெறுங்காலோடு வேண்டாம். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சிறு கீறலாலும் கிருமியை உள்ளே விடும். முழங்கால் அளவு இறப்பர் சப்பாத்துப் போடுங்கள். இறங்க முன்னம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் பனடோலோடு வீட்டில் கிடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், வெள்ளத்தில் நின்றதைச் சொல்லுங்கள்.

இன்னொருவர், பக்கத்து வீட்டார் படலையடி வாய்க்காலைக் கொங்கிறீற் போட்டு மூடிவிட்டதைச் சொல்லியிருந்தார். சண்டைக்குப் போக முன்னம் கொப்பியில் எழுதின அளவுகளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தன் முற்றத்திலும் அந்தத் தண்ணீர்தான் நிற்கிறது என்பது அளவில் தெரிந்தால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். திரும்பக் கட்டும்போது கொங்கிறீற்றை ஒரே துண்டாக ஊற்றவேண்டாம். இரண்டு மூன்று சிலாப்புகளாக வார்த்து, ஒவ்வொன்றிலும் தூக்குவதற்கு இரண்டு கம்பி வளையம் வைக்கச் சொல்லுங்கள். வாகனமும் ஏறும், அடுத்த புரட்டாதியில் கழற்றித் துப்பரவாக்கவும் முடியும்.